சிரிக்க வேண்டிய இடத்தில் அழுத ஆள்

1

இது நான் யோசித்துப் பிடித்த கதை இல்லை. 1986இல், கோலசிலாங்கூரில் ஷேக் தாவூது கடையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தேன். நாடக நடிகை புஷ்பவள்ளி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கதை எழுதுறவருதானே? என் கல்யாணத்துக்கு ஒரு முடிவு எழுதிக் குடுங்க லா. பொண்ணு கேட்டவருக்கு ஞாயித்துக்கிழமை பதில் சொல்லணும்."

2

"செம்பனை மரங்களுக்குப் பின்னால் மாலைச் சூரியன்..." (வேண்டாம். இந்தக் கதையில் சூரியனுக்கு வேலை இல்லை.)

"புஷ்பவள்ளி அழகான..." (அவளே நம்பமாட்டாள்.)

சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள், "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தியோ?" என்று கேட்டாராம். "ஒண்ணுதான் இருக்கு, நீங்களே எண்ணிப் பாத்துக்குங்க" என்றிருக்கிறாள். பலகாரத்தோடு அந்தச் சம்பந்தமும் தீர்ந்துபோனது. அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. கூட்டம் சிரிக்காவிட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்காது.

3

புக்கிட் பெலிம்பிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கோயில் திருவிழா நாடகம். வேலைக்குப் போகச் சோம்பல்பட்டுச் செத்தவன்போலப் படுத்துக்கொள்ளும் புருஷன். பாசாங்கு என்று தெரிந்தே ஒப்பாரி வைக்கும் பெண்டாட்டி, புஷ்பவள்ளி. "எந்திரிங்கன்னு சொன்னதுக்கா இப்படிப் படுத்துட்டீங்க, என் ராசா!"

கூட்டம் உருண்டு உருண்டு சிரித்தது. முன்வரிசையில் ஒரே ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரி ஓட்டும் ரெங்கசாமி.

நாடகம் முடிந்ததும் வேஷத்தோடேயே போய் நின்றாள். "என்னாண்ணே, என் நடிப்பு அவ்வளவு மோசமா?"

(அந்த 'அண்ணே'யை எடுத்துவிடச் சொன்னாள். நான் எடுக்கவில்லை.)

"நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஆனா நீங்க தனியா அழுதீங்க. ஒப்பாரின்னா கூட ஒரு ஆளாவது அழ வேணாமா? அதுதானே மரியாதை."

அவள் ஒரு கிண்டலும் இல்லாமல் அவர் பெயரைக் கேட்டாள். வாழ்க்கையிலேயே முதல் தடவை. அடுத்த வாரம் அவர் வந்து பெண் கேட்டார். நாடகத்தை விடவேண்டாம் என்றும் சொன்னார்.

4

"அப்புறம் என்ன?" என்றேன்.

"மனுஷன் தங்கம். ஆனா நான் ஜோக் அடிச்சா, 'அப்படியா'ங்கிறாரு. ஆயுசுக்கும் அப்படியா, அப்படியான்னு கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா லா?"

அவள் பயந்துதான் போயிருந்தாள். எனக்கும் ரெங்கசாமி மேல் சந்தேகம் வந்துவிட்டது. இப்படி ஓர் ஆளை வைத்துக்கொண்டு நகைச்சுவைக் கதையை எப்படி நகர்த்துவது?

5

முடிவு ஒன்று: அவள் மறுக்கிறாள். ரெங்கசாமி கலங்கிய கண்களோடு லோரியை... (கூடாது. ரோட்டில் மற்றவர்களும் போகவேண்டும்.)

முடிவு இரண்டு: கட்டிக்கொள்கிறாள். அவர் மெல்ல மெல்லச் சிரிக்கக் கற்று... ("எத்தன பிள்ளைங்கன்னும் நீங்களே எழுதிடுங்க" என்றாள்.)

முடிவு மூன்று: வாசகரே, நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அதே கடையில் இதையும் வாசித்துக் காட்டினேன். "வாசகரா வந்து எனக்குக் குடும்பம் நடத்தப் போறாரு?" என்று எழுந்து போய்விட்டாள்.

எதிரே லோரி நின்றது. புஷ்பவள்ளி ஏதோ சொன்னாள். ரெங்கசாமி தலையாட்டினார். பிறகு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், அவர் ஏதோ சொன்னார். என்ஜின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. புஷ்பவள்ளி லோரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் பிறரைச் சிரிக்க வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

கை கழுவாமலே ஓடினேன். "என்ன சொன்னாரு? சொல்லும்மா, கதைக்கு வேணும்!"

"ஐயே, அதெல்லாம் சொல்ல முடியாது," என்றாள் புஷ்பவள்ளி. "அது எங்க ரெண்டு பேருக்குள்ள."