கயிறு பிடித்த அண்ணன்

1

இந்தக் கதை ஒரு பத்து மார்க் கேள்வியிலிருந்து வந்தது. ‘நாயகியைப் பெண் கேட்டு வரும் இருவரையும் ஒப்பிடுக.’ கேள்வியை எழுதிய ஜெர்லின் நாசரேத்துக்காரி. தூத்துக்குடியில் ஒரு மகளிர் கல்லூரியில் தமிழ் நடத்துகிறாள். அவளை வைத்து எழுதப்போகிறேன் என்று அவளிடமே சொன்னேன். “எழுதுங்க. ஆனா என்னை நல்லவளாக்கிராதீங்க” என்றாள்.

(நாவலின் பெயரைக் கேட்காதீர்கள். அசலை மறைத்துவிட்டு, வேறொன்றை நானே கட்டியிருக்கிறேன்.)

2

நாவலில் முதலில் வருபவன் உப்பள முதலாளி. நாயகியின் கண், நடை, குரல் எல்லாவற்றையும் புகழ்கிறான். மாடி வீடு, வேலைக்கு ஆள் என்று அடுக்குகிறான். அவனை அவள் வேண்டாம் என்கிறாள். அடுத்து வருபவன் முத்துக் குளிக்கிறவன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் அண்ணனைப் பார்த்து, “நான் முங்கும்போது என் கயிறு உங்க கையில இருக்கணும்” என்கிறான்.

குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது இந்தக் கரையின் வழக்கம். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்?

இந்த இடம் வந்ததும் ஜெர்லின் புத்தகத்தை மூடிவிடுவாள். “முதலாமவன் பொண்ணைக் கேட்டான். இவன் உசிரைக் குடுத்துக் கேட்டான். இதுக்கு மேல காதல் உண்டா?” பதினோரு வருஷமாக வகுப்பு சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது.

3

அந்த வகுப்பில் முதல் பெஞ்சு பெனிஷா. தாய் தகப்பன் இல்லாதவள். அண்ணன் பெவின் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்து அவளைப் படிக்க வைத்தான். படிப்பு முடிந்ததும் இரண்டு வரன் வந்தது. ஒருவன் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் இருப்பவன். அவளை வாய் நிறையப் புகழ்ந்தான். மற்றவன் சிலுவை, சங்கு குளிப்பவன். இப்போது கயிற்றோடு ‘ஓஸ்’ என்கிற காற்றுக் குழாயும் உண்டு. படகில் கம்ப்ரசர் ஓடும். குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு கீழே போவார்கள்.

சிலுவை பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெவினிடம், “ஓஸ் பிடிக்க நீ வருவியா மச்சான்? வேற எவனையும் நம்பி முங்க முடியலை” என்றான். கம்ப்ரசரைத் தொட்டே பார்க்காத பெவின் தலையாட்டினான். மச்சான் என்பதுதான் அவனுடைய ஒரே தகுதி.

மறுநாள் காலை பெனிஷா போன் செய்தாள். “மிஸ், நம்ம நாவல்ல வாரது மாதிரியே கேட்டுட்டாவ மிஸ்!”

ஜெர்லின் என்ன சொல்லியிருக்கலாம்? ‘யோசிச்சுச் செய்’ என்று எழுதி அடித்தேன். ‘உங்க அண்ணனுக்கு அந்த வேலை தெரியுமா’ என்று எழுதி அதையும் அடித்தேன். அவள் உண்மையில் சொன்னது: “நீ குடுத்து வச்சவ, ஏளா.”

4

கல்யாணமாகி எட்டாவது மாதம். அன்று கடல்

(வேண்டாம். கடல் எப்படி இருந்தால் என்ன?)

படகில் இருவர் மட்டும். சிலுவை கீழே இருக்கும்போது கம்ப்ரசர் நின்றுபோனது. பெவின் அதைக் கவனிக்க நேரமானது. தூக்கியபோது சிலுவைக்கு மூச்சு இல்லை. கம்ப்ரசர் நின்றால் படகே அமைதியாகிவிடும், யாருக்கும் தெரியும். தூங்கிவிட்டான் என்கிறார்கள், போன் பார்த்துக்கொண்டிருந்தான் என்கிறார்கள். பெவின் வாயே திறக்கவில்லை. பெனிஷா அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அவளுக்குப் போக வேறு இடம் இல்லை.

5

முப்பதாம் நாள் பூசைக்கு ஜெர்லின் போயிருந்தாள். எல்லோரும் கிளம்பிய பிறகு பெனிஷா அருகில் வந்தாள்.

“மிஸ், அந்த நாவல்ல கயிறு பிடிச்ச அண்ணன் பெறவு என்ன ஆனாரு?”

“பெறவுன்னா?”

“கல்யாணத்துக்குப் பெறவு. ஒரு நாளாவது அவருக்குக் கை நடுங்கியிருக்காதா மிஸ்?”

வீட்டுக்கு வந்து ஜெர்லின் நாவலைக் கடைசிவரை புரட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த அண்ணன் ஒரு வரியிலும் இல்லை. பதினோரு வருஷம் நடத்தியும் இது தன் கண்ணில் படவில்லையே என்று அழுதாள்.

(பத்து மார்க் கேள்விக்கு என் பதில்: முதலாமவனிடம் முடியாது என்று சொல்ல நாயகியால் முடிந்தது. இரண்டாமவனிடம் அப்படிச் சொல்ல அண்ணனுக்கு வழியில்லை. சொன்னால் தங்கையின் கல்யாணம் நின்றுபோகும்.)

6

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பெனிஷா கேட்கிறாள், பெவின் சொல்கிறான், அவள் மன்னிக்கிறாள். எனக்கே நம்பிக்கை வராமல் கிழித்துப் போட்டேன். இன்னொன்றில் ஒருநாள் காலை பெவினின் அறைக் கதவு

(முடியவில்லை.)

நடப்பது இதுதான். தினமும் மத்தியானம் அவள் சோறு வைக்கிறாள். அவன் சாப்பிடுகிறான். இருவரும் பேசிக்கொள்வதில்லை. முந்தாநாள் ஜெர்லின் அங்கே இருந்தபோது, பெவின் தட்டிலிருந்து நிமிர்ந்தான்.

“ஏளா பெனி, அன்னைக்கு...”

இந்தக் கதையில் அவன் பேசுவது இதுதான் முதல் தடவை. ஜெர்லினுக்கு அதற்கு மேல் இருக்கத் தைரியம் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அதனால் எனக்கும் தெரியாது. அந்த நாவலைத் திட்டிக்கொண்டே நானும் பெவினுக்கு அரை வரிதான் கொடுத்திருக்கிறேன். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள், பெனிஷா குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தபடி நிற்கிறாள்.