சும்மா உட்கார்ந்தவள்

இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவர்களுக்கு வாரத்தில் ஒருநாள் பேச்சுப் பயிற்சி உண்டு. படிப்பு முடிந்து நேர்முகத் தேர்வுக்குப் போனால் திருதிருவென்று விழிக்கக் கூடாது என்பதற்காகக் கல்லூரி செய்த ஏற்பாடு. அதை நடத்தியவரைப் பிள்ளைகள் பயிற்சி மேடம் என்பார்கள். கல்லூரியின் ஒழுங்குக் குழுவும் அவர் கையில்தான் இருந்தது.

அன்றைக்கு ஒவ்வொருவராக எழுந்து தங்கள் அன்றாடப் பழக்கத்தையும் பொழுதுபோக்கையும் சொல்ல வேண்டும். "புத்தகம் படிப்பேன்" என்றான் ஒருவன். பாடப் புத்தகத்தையே அவன் பரீட்சைக்கு முந்தின நாள்தான் திறப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொருத்தி சமையல் என்றாள். அடுத்தவன் சமூக சேவை என்றதும் மேடத்தின் முகம் மலர்ந்தது.

பிறகு சிலையின் முறை வந்தது. அது பட்டப்பெயர். அதிகம் அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்தபடி இருப்பாள் என்பதால் முதலாமாண்டிலேயே ஒட்டிக்கொண்டது. ஒல்லியான பெண். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், ஆனால் கேட்டதற்குக் கட்டாயம் பதில் சொல்வாள்.

"சாயங்காலம் சும்மா உக்காந்திருப்பேன் மேடம். அதான் எனக்குப் பிடிச்ச விஷயம்."

வகுப்பு குபீரென்று சிரித்தது. மேடம் மேஜையைத் தட்டினார்.

"சும்மான்னா? போன் பாத்துக்கிட்டா?"

"போன் பைக்குள்ள இருக்கும் மேடம்."

"யார் கூட?"

"யார் கூடவும் இல்ல."

"எங்க?"

இந்த இடத்தில் நூலகம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் உள்ளதைச் சொன்னாள். "லேப் கட்டடத்துக்குப் பின்னாடி ஒரு மாடிப்படி இருக்குல்ல, அங்க."

மேடத்தின் புருவம் மேலே போனது. ஆள் நடமாட்டம் இல்லாத அந்தப் படிக்கட்டின் மேல் ஒழுங்குக் குழுவுக்கு ஏற்கெனவே ஒரு கண் இருந்தது. அங்கே ஒரு பெண் தினமும் தனியாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றால் நம்புகிற ஜாதியா அவர்?

உண்மையில் அது அப்படித்தான் தொடங்கியது, சும்மா. அவள் வீடு ஒரு கூடமும் ஒரு சமையலறையும். அப்பா லாரி ஓட்டுகிறவர், போனால் திரும்ப நாளாகும். அம்மா துணிக்கடையில் விற்பனைப் பெண். காலையில் அம்மா கிளம்புவதற்குள் சமையலில் பாதி இவளுடையது. இரட்டைத் தம்பிகளை எழுப்புவது, சண்டை விலக்குவது, டிபன் டப்பா கட்டுவது எல்லாம் இவள்தான். "அக்கா, என் சாக்ஸ் எங்க?" "அக்கா, இவன் என்னைக் கிள்ளிட்டான்." "ஏண்டி, கேஸ அணைச்சியா?" வாசலில் இருக்கிற அழைப்பு மணியைப் போல ஆளாளுக்கு அவளை அழுத்திக்கொண்டிருந்தார்கள். பேருந்தில் நின்றபடி வந்தால் வகுப்பு, அப்புறம் ஆய்வகம், மறுபடி பேருந்து, மறுபடி வீடு.

முதலாமாண்டில் ஒருநாள் பேருந்தைத் தவறவிட்டு, அடுத்தது வரும்வரை அந்தப் படியில் உட்கார்ந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. எதிரே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. துப்புரவு செய்கிற ஒரு பெண் துடைப்பான்களைக் கம்பியில் தலைகீழாக மாட்டிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று வீட்டுக்குப் போனபோது தம்பிகள் மேல் அவளுக்கு எரிச்சலே வரவில்லை. மறுநாள் பேருந்து நேரத்துக்கு வந்தும் ஏறவில்லை.

மற்றதெல்லாம் முயன்று பார்த்தவள்தான். ஓவியக் குழுவில் சேர்ந்தாள். இரண்டாவது வாரமே போட்டிக்குப் படம் கேட்டார்கள். பாட்டுக் குழுவில் ஆண்டு விழாவுக்குத் தேறுவாளா என்று பார்த்தார்கள். எதைத் தொட்டாலும் அதற்குள் ஒரு பரிசுக் கோப்பை ஒளிந்திருந்தது. படியில் உட்காருவதற்கு மட்டும் யாரும் கோப்பை வைத்திருக்கவில்லை.

அங்கே உட்கார்ந்துதான் சில விஷயங்கள் அவளுக்கே தெரியவந்தன. வேதியியல் தனக்குப் பிடித்திருக்கிறது, எழுந்து நின்று ஒப்பிப்பதுதான் பிடிக்கவில்லை என்பது ஒன்று. அம்மா மேல் தனக்குக் கோபம் இருக்கிறது, அந்தக் கோபத்துக்கு அம்மா பொறுப்பில்லை என்பது இன்னொன்று. ஒருநாள் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அழுதாள். தானாக நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேருந்தைப் பிடித்தாள்.

பேச்சுப் பயிற்சிக்கு மறுநாள் மாலை, காவலாளியை அழைத்துக்கொண்டு மேடமே படிக்கட்டுக்கு வந்துவிட்டார். மேலே, கீழே, தொட்டிக்குப் பின்னால் எல்லாம் பார்த்தார். அவளைத் தவிர யாரும் அகப்படவில்லை. அது அவருடைய கோபத்தை அதிகமாக்கியது.

"எழுந்திரு. வீட்டுக்குப் போ."

"போவேன் மேடம். கொஞ்ச நேரம் கழிச்சு."

"இங்கெல்லாம் உக்காரக் கூடாது."

"அப்படி எங்க மேடம் எழுதியிருக்கு?"

அதைத் திமிராகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் அந்த வாக்கியத்தை எப்படிச் சொன்னாலும் அது திமிராகத்தான் காதில் விழும். காவலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அதை மேடம் கவனித்துவிட்டார். மறுநாளே பெற்றோரை அழைத்துவரச் சொல்லி முதல்வர் அறையிலிருந்து உத்தரவு வந்தது.

"ஏண்டி, லைப்ரரின்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அவளுடைய தோழி. வகுப்பில் அவளுக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பேர். ரகசியம் சொன்னாலும் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும்.

"லைப்ரரிக்குப் போகலையே."

"உன்னோட பெரிய ரோதனையாப் போச்சு. சாரி சொல்லிட்டு வந்துடு. வாயால சொல்லு, மனசால சொல்லாத. நாங்கல்லாம் அப்படித்தான சொல்றோம்?"

"ஒண்ணுமே பண்ணாததுக்கு எப்படிடி சாரி சொல்றது?"

அம்மாவிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. கடையிலிருந்து வந்த அம்மா வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து தரையில் கால் நீட்டியிருந்தாள். கணுக்கால்கள் வீங்கியிருந்தன. அந்தக் கடையில் விற்கிறவர்கள் உட்காரக் கூடாது; வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் அலமாரியைப் பார்த்து நிற்க வேண்டும்.

"காலைலேர்ந்து நான் நின்னுக்கிட்டே இருக்கேன்" என்றாள் அம்மா. "நீ உக்காந்ததுக்கு நான் லீவு போட்டுட்டு வரணும். நல்லா இருக்குடி நியாயம்."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "யாராவது பையனா? சொல்லிடு. அடிக்க மாட்டேன்."

"இல்லம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா. சும்மாதாம்மா உக்காந்திருந்தேன்."

"பையன்னு சொல்லியிருந்தாக்கூடப் புரிஞ்சிருக்கும்" என்று அம்மா பெருமூச்சு விட்டாள்.

முதல்வர் அறை பெரியது. முதல்வர் அகலமான மேஜைக்குப் பின்னால் இருந்தார். பயிற்சி மேடம் பக்கவாட்டு நாற்காலியில். மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அம்மா பாதி நாள் விடுப்பில், கடைச் சீருடையிலேயே வந்திருந்தாள். உள்ளே வந்ததும் கைகளைக் கட்டிக்கொண்டு, கடையில் நிற்பது மாதிரியே நின்றாள்.

"உங்க பொண்ணு என்ன பண்றான்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று மேடம் ஆரம்பித்தார். எதிர்த்துப் பேசுகிறாள், ஒதுக்குப்புறமான இடத்தில் தினமும் இருக்கிறாள், மனசில் ஏதாவது கோளாறா, வீட்டில் பிரச்சினையா என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. முதல்வர் நடுநடுவே தலையசைத்தார். அம்மா வலது காலில் இருந்த பாரத்தை இடது காலுக்கு மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வலது காலுக்கு மாற்றினாள். இவள் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்" என்றாள்.

மேடம் பேச்சை நிறுத்தினார்.

"எங்கம்மாவ உக்காரச் சொல்லுங்க சார். அப்புறம் பேசலாம்."

"பரவால்ல சார், எனக்குப் பழக்கம்தான்" என்று அம்மா பதறினாள். "ஏய், வாய மூடு."

"பழக்கம்ங்கிறதாலதாம்மா சொல்றேன்." முதல்வர் பக்கம் திரும்பினாள். "நாற்காலி காலியா இருக்கு சார். உள்ள வந்ததுலேர்ந்து யாரும் உக்காருங்கன்னு சொல்லல."

முதல்வரின் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று சொல்ல முடியாத சிவப்பு. "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்றார். அம்மா அசையவில்லை. இவளே நாற்காலியை இழுத்து அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் வைத்து, தோளைத் தொட்டாள். அம்மா நுனியில் உட்கார்ந்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"சரி சார்" என்றாள் அம்மா. குரல் மாறியிருந்தது. "எம்பொண்ணு என்ன தப்பு பண்ணா?"

"தப்புன்னு இல்லம்மா..." என்று முதல்வர் மேடத்தைப் பார்த்தார்.

"அவ ஒண்ணும் பண்றதில்ல. அதாம்மா பிரச்சினை" என்றார் மேடம்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க மேடம். பொண்ணு ஏதோ பண்ணிட்டான்னு பெத்தவங்களக் கூப்பிட்டாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஒண்ணும் பண்ணலன்னு கூப்பிட்டு இப்பத்தான் பாக்கறேன்."

முதல்வர் தொண்டையைக் கனைத்தார். வகுப்பு முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போவதாகப் பெண் வாக்குக் கொடுத்தால் விஷயத்தை இத்தோடு விட்டுவிடலாம் என்றார். அம்மா மகளைப் பார்த்தாள். மகள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"வகுப்புக்கு ஒழுங்கா வரேன் சார். லேப்ல ஒரு கண்ணாடிக் குடுவைகூட உடைச்சதில்ல. சொன்ன வேலைய எல்லாம் செய்யறேன், இங்கயும் வீட்டுலயும். கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் செய்யாம இருக்கேன். அத மட்டும் விட்டுத்தர மாட்டேன்."

"மார்க்ல கை வைக்க வேண்டியிருக்கும்" என்றார் மேடம்.

"வைங்க மேடம்."

வெளியே வந்ததும் அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா வராந்தாவில் நின்று, "எங்க இருக்கு அந்தப் படி?" என்றாள். மகள் அழைத்துப்போய்க் காட்டினாள். இருவரும் உட்கார்ந்தார்கள். அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா அந்த மனுசன்கிட்ட அப்படிப் பேசின?" என்று முனகினாள் அம்மா. பிறகு செருப்பைக் கழற்றி, கால்விரல்களை விரித்துக்கொண்டாள். "காத்து நல்லா வருது" என்றாள். கடைக்கு நேரமாகியும் உடனே எழவில்லை.

அடுத்த வாரம் அந்தப் படிக்கட்டுக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். புதுப் பெயின்ட் வாசனை அடித்தது. அவள் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நடந்து, கல்லூரியின் முன்வாசலுக்கு வந்து, எல்லோரும் ஏறி இறங்குகிற அகலமான படிகளில், வழியை மறிக்காமல் ஓரமாக உட்கார்ந்தாள்.

போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். கைப்பையோடு இறங்கி வந்த மேடம் நின்றுவிட்டார்.

"என்ன இது, போராட்டமா?"

"இல்ல மேடம். சும்மாதான்."

"வேணும்னே கண்ணுல படற மாதிரி உக்காந்திருக்க."

"கண்ணுல படாத இடத்தப் பூட்டிட்டீங்களே மேடம்."

மேடம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பருவத்தில் பேச்சுப் பயிற்சித் தாளில் அவளுக்குத் தேர்ச்சிக்கு மேல் ஒரு பொட்டு மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை. லவுட்ஸ்பீக்கர் ஊரைக் கூட்டி நியாயம் கேட்கக் கிளம்பினாள். இவள்தான் தோழியின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். வருத்தம் இல்லாமல் இல்லை. அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். ஆனாலும் அன்று மாலை வாசற்படிக்குப் போனாள்.

விஷயம் பரவி மாணவர் சங்கத் தலைவன் ஒருநாள் தேடி வந்தான். கூடவே இரண்டு மூன்று பேர், ஒருவன் கையில் சுருட்டிய துணி.

"பேனர் ரெடி பண்ணிட்டோம். உட்காரும் உரிமைன்னு. நீ நடுவுல உக்காரு, நாங்க சுத்தி உக்காந்து கோஷம் போடறோம். நாளைக்குப் பேப்பர்ல வரும்."

"வேண்டாம்ணா."

"ஏன், பயமா?"

"பயம் இல்ல. நீங்க கோஷம் போட்டா நான் எப்படிச் சும்மா உக்கார்றது?"

அவன் அதைக் கேலி என்று நினைத்து முகம் சுருங்கினான். "உனக்காகத்தானே கேக்கறோம்?"

"எனக்காகன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா. வெளிச்சத்த மறைக்கறீங்க."

அவன் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். போகும்போது "கிறுக்கு" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

முன்வாசல் பின்படி மாதிரி இல்லை. வண்டிச் சத்தம், சிரிப்பு, செருப்புச் சத்தம், யாராவது யாரையாவது கூப்பிடுகிற சத்தம். முதல் சில நாட்கள் எதையும் முழுதாக நினைக்க முடியவில்லை. எண்ணங்கள் பாதியில் அறுந்தன. மெல்ல மெல்ல அந்தச் சத்தத்துக்குள்ளேயே ஓர் இடம் கிடைத்தது. இவ்வளவு பேர் போகிற வழியில் உட்கார்ந்திருந்தும் அவளை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.

தெருவில் அவளுடைய பேருந்து வந்து நின்றது. நடத்துனர் அவளைப் பார்த்து, ஏறுகிறாயா என்று கையால் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தாள். பேருந்து போயிற்று. அவள் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, காலையில் ஆய்வகத்தில் நீலமாக மாறிய ஒரு திரவத்தைப் பற்றி நிதானமாக யோசிக்கத் தொடங்கினாள்.