மஞ்சள் வைக்காத சேலை

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் யாரிடமாவது இரண்டு கால்களை இரவல் வாங்கிக்கொண்டு போவது நல்லது. சொந்தக் கால் தாங்காது. காலையில் ஆலங்குடியில் பஸ் ஏறிய சுகுணா, மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் கீழராஜ வீதியில் அந்தப் பெரிய கடைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கிவிட்டன. செருப்பின் வார் பதிந்த இடம் எரிந்தது.

நுழையும்போது பன்னீர் தெளித்து, கற்கண்டு நீட்டி, மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்திகளை வரவேற்பதுபோலத்தான் வரவேற்றார்கள். உபசாரம் வாசலோடு சரி. உள்ளே போனதும் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கனைக் கையில் திணித்தார்கள். பிறகு கூட்டமே எல்லாரையும் இடித்துத் தள்ளி அங்கங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. யார் பிள்ளையோ காணாமல் போனதாக மைக்கில் சொன்னார்கள். அந்தப் பிள்ளை கிடைப்பதற்குள் இன்னொரு பிள்ளையைக் காணவில்லை என்றார்கள்.

சுகுணாவின் புருஷன் ஆத்மநாதன் ஆலங்குடியில் மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டும் கடை வைத்திருப்பவன். எரிந்த மோட்டாரோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவான். துணிக்கடையில் அரை மணி நேரம் தாங்கமாட்டான். ஆண்கள் பிரிவில், வீட்டில் விட்டுவிட்டு வந்த மகனுக்குச் சட்டை எடுத்ததும் மாடிப்படியில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டான். கட்டைப்பைக்குக் காவலாக அங்கே ஏற்கெனவே ஒரு வரிசைப் புருஷன்மார் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க பாத்துட்டு வாங்க. நான் இங்கிட்டு இருக்கேன்" என்றான். இனி பூகம்பம் வந்தாலும் எழுந்திருக்கமாட்டான் என்பது சுகுணாவுக்குத் தெரியும்.

மூன்றாவது மாடிக்குச் சுகுணாவும் கார்த்திகாவும் ஏறினார்கள். கார்த்திகா ஆத்மநாதனின் மூத்த தாரத்து மகள், கல்லூரியில் படிக்கிறாள். அவளைப் பெற்றவள் கண்ணாத்தாள் மஞ்சள் குங்குமத்தோடு போய்ச் சேர்ந்தவள். அதனால் அவள் அந்த வீட்டில் சாமி. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி பலகாரத்தோடு ஒரு புதுச் சேலை வைத்து அவளுக்குப் படைப்பார்கள். விடிந்து எண்ணெய் தேய்த்துக் குளித்ததும், அந்தச் சேலையை வீட்டுப் பொம்பளை கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாந்தாரமாக வந்த நாளிலிருந்து அந்த வீட்டுப் பொம்பளை சுகுணாதான்.

கேட்பவர்களுக்கு இதில் என்ன குறை என்று தோன்றும். வருஷத்துக்கு வருஷம் நல்ல சேலை, அதுவும் அவளே பார்த்து எடுப்பது. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், "கண்ணாத்தா சேலை இந்த வருசம் நல்லாருக்கே" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சுகுணா சேலை என்று ஒரு வாய்கூடச் சொன்னதில்லை. விசேஷத்துக்கு ஒன்று வேண்டும் என்று வாய் திறந்தால், பீரோ நிறையத்தான் இருக்கிறதே என்பார்கள். பீரோ நிறைய இருந்தது வாஸ்தவம்தான். தாலி கட்டிய அன்று உடுத்திய கூறைச்சேலை ஒன்றைத் தவிர அத்தனையும் செத்தவளுடையவை.

இந்தக் கடையின் விளம்பரத்தைக் கார்த்திகா போனில் காட்டிய நாளிலிருந்து சுகுணாவுக்குள் ஓர் ஆசை புகுந்துகொண்டது. ஒரு சேலை எடுத்தால் ஒரு சேலை இலவசம். சாமி சேலை கைக்காசு கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும், இனாமாக வந்தது ஆகாது என்பது மாமியார் மூக்காயியின் சட்டம். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தாள் சுகுணா. காசு கொடுத்தது கண்ணாத்தா அக்காவுக்கு, இனாமாக வருவது எனக்கு. யாருக்கும் நஷ்டமில்லை, யாரும் பேச வழியில்லை.

சேலைப் பிரிவில் பெண்கள் நான்கு வரிசையாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். விற்கிற பெண்ணுக்குக் குரலே போய்விட்டது. சைகையிலேயே நிறம் கேட்டாள். சுகுணா முதலில் சாமிக்குப் பார்த்தாள். இலைப்பச்சையில் அரக்குக் கரை. கூடத்துப் போட்டோவில் கண்ணாத்தாள் கட்டியிருப்பதும் பச்சைதான். இது தப்பாகாது என்று எடுத்து வைத்தாள்.

பிறகுதான் தனக்குப் பார்த்தாள். இருபது சேலை புரட்டியும் ஒன்றும் பிடிபடவில்லை. தனக்கென்று பார்த்துப் பழக்கமே இல்லாதவளுக்கு எப்படிப் பிடிபடும்? பக்கத்தில் நின்ற அம்மாள் வேண்டாம் என்று ஒதுக்கிய குவியலில் மயில்கழுத்து நீலத்தில் ஒன்று கிடந்தது. எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். கசங்கிய முகமும் கலைந்த தலையுமாக நின்ற தன்னைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. பின்னால் நின்ற கார்த்திகா போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதையே எடுத்துக்கங்க சித்தி."

நீலம் பச்சையைவிடக் கொஞ்சம் விலை கூட. இனாமாக வருவதற்கு விலை என்ன, தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்தா பார்க்கிறோம் என்று எண்ணிக்கொண்டாள். அங்கேதான் தப்புச் செய்தாள்.

பில் போடுகிற இடத்தில் வரிசை மாடிப்படி வரைக்கும் வளைந்து கிடந்தது. ஆத்மநாதனும் வந்து சேர்ந்துகொண்டான். அங்குலம் அங்குலமாக நகர்ந்து ஒருவழியாக முன்னே போனபோது, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் இரண்டு சேலையையும் வாங்கித் தட்டினாள்.

"பச்சை ஃப்ரீக்கா. நீலத்துக்குத்தான் காசு."

"இல்லம்மா, மாத்திப் போடுங்க. பச்சைக்குத்தான் காசு. நீலந்தான் எனக்கு ஃப்ரீ."

"ரேட்டு கம்மியா இருக்கறதுதான் ஃப்ரீயாப் போகும்க்கா. சிஸ்டம் அப்படித்தான் எடுக்கும். எங்க கையில ஒண்ணுமில்ல."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி ஒரு கம்ப்யூட்டர். அதன் காலில் விழவும் முடியாது. சுகுணா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, மேல போய் பச்சைக்குப் பதிலா ரேட்டு கூடினதா ஒண்ணு எடுத்துட்டு வந்துரட்டா?"

"மறுபடி மூணாவது மாடியா? அப்புறம் இந்த லைன்ல இன்னொருக்கா நிக்கணுமா? ஆளை விடு தாயி" என்றான் ஆத்மநாதன். "நீலத்தைச் சாமிக்கு வச்சுட்டு, பச்சைய நீ வச்சுக்க. எதைச் சாமிக்கு வச்சா என்ன? ரெண்டையும் நீதானே கட்டப்போறே?"

கெட்ட மனசில் அவன் அதைச் சொல்லவில்லை. நியாயமாகத்தான் பேசுவதாக நினைத்தான். அதனால்தான் அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு இது புரியவில்லையென்றால், இந்தச் சந்தைக்கடையில் நின்றா புரியவைக்க முடியும்?

"ஏம்மா, வீட்டுல பேசிட்டு வரக்கூடாதா? நாங்கெல்லாம் மனுசங்களாத் தெரியலயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சரி, போடுங்க. நீலம் அக்காவுக்கு" என்றாள் சுகுணா. கோபம்கூட வரவில்லை. கால் வலி மட்டும் இடுப்பு வரைக்கும் ஏறியது.

துணி வாங்க வேறொரு வரிசை, கைப்பையை மீட்க மற்றொரு வரிசை. எல்லாம் முடித்து வெளியே வந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆத்மநாதன் எதிர்க்கடைக்கு டீ வாங்கப் போனான். பூட்டியிருந்த பக்கத்துக் கடையின் படியில் சுகுணாவும் கார்த்திகாவும் உட்கார்ந்தார்கள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. சாமி சேலைக்கு வீடு போய்ச் சேரும் முன்பே முந்தானையில் மஞ்சள் வைத்துவிட வேண்டும். வைத்த பிறகு அது சாமியுடையது, மாற்றக் கூடாது. சுகுணா கைப்பையிலிருந்து மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து, பாட்டில் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் குழைத்தாள். நீலச் சேலையைப் பிரித்து முந்தானையை மடியில் போட்டுக்கொண்டாள். விரலில் மஞ்சள் இருந்தது. விரல் துணிக்குப் போகவில்லை. பன்னிரண்டு முழத் துணிக்கா இத்தனை யோசனை என்று தன்னையே வைதுகொண்டாள்.

"குடுங்க சித்தி" என்று கார்த்திகா டப்பாவை வாங்கினாள். தன் விரலில் மஞ்சளைத் தொட்டு, பையிலிருந்த பச்சைச் சேலையின் முந்தானையை வெளியே இழுத்து, அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள்.

சுகுணா பதறிப்போனாள். "அடியாத்தி, என்னடி பண்ணிட்டே! அது இனாமா வந்ததுடி. சாமி குத்தமாயிரும்."

"சாமி யாரு? எங்கம்மாதானே? அவுககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"ஒங்க அப்பத்தாவுக்கு என்ன சொல்றது?"

"பச்சை எடுத்தோம்னு சொல்லுவோம். அதுல பொய் ஒண்ணும் இல்லயே." கார்த்திகா பச்சைச் சேலையை மடியில் வைத்து, கரையைத் தடவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள். "இந்த வருசம் இதை நான் கட்டிக்கிறேன் சித்தி. எங்கம்மா சேலைய ஒரு தடவையாச்சும் கட்டணும்னு எனக்கு ஆசை இருக்காதா? எல்லா வருசமும் நீங்களே கட்டிக்கிறீங்க. நான் என்னத்தச் சொல்ல?"

வருஷா வருஷம் தன் தலையில் கட்டுகிறார்களே என்று சுகுணா மனசுக்குள் புழுங்கிய அதே சேலைக்காக, அதே வீட்டில், ஒரு பிள்ளை வாய்விட்டுக் கேட்காமல் ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தானாவது ஒரு நாள் அவளைக் கேட்டிருக்கலாமே என்று அவமானமாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லடி" என்றாள்.

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்" என்றாள் கார்த்திகா.

ஆத்மநாதன் டீயோடு வந்தான். திறந்து கிடந்த பையைப் பார்த்துவிட்டு, "மஞ்ச வச்சாச்சா? கெளம்புவமா? ஆலங்குடி பஸ்ஸுல எடம் புடிக்கணும்" என்றான். எந்தச் சேலைக்கு வைத்தார்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

சுகுணா விரலில் காய்ந்திருந்த மஞ்சளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். நீலச் சேலையை மடித்து, மற்றவற்றோடு கட்டைப்பையில் போடாமல் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வீங்கிய காலைச் செருப்புக்குள் நுழைத்து, சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"நீலம் என்னோடதுங்க" என்றாள், யாரும் கேட்காமலே.