கழுவாத லாரி

எங்கள் மேஸ்திரி ரூப்ரெக்ட்டுக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. ஜெர்மனியின் துரிங்கியாவில், ராணுவத்துக்குப் புது வண்டி செய்து பார்க்கும் பட்டறை எங்களுடையது. முன்பக்கம் லாரிச் சக்கரம், பின்பக்கம் டாங்கிக்கு இருப்பதுபோல் சங்கிலிப் பட்டை. பட்டைக்குள் சக்கரங்கள் ஒன்றையொன்று மறைத்து, அடுக்கிய தட்டுகள்போல நெருங்கி நிற்கும். பார்க்க அழகுதான். உள்ளே ஒன்றைக் கழற்ற, வெளியே ஐந்தைக் கழற்ற வேண்டும்.

ஜனவரியில் கர்னல் ஒருவர் சோதனை பார்க்க வந்தார். வண்டி மேடேறாவிட்டால் பட்டறையை மூடி, எங்களை ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பிவிடுவார்கள். வெல்டர் ஆல்வின் என் மனைவிக்கு மிஞ்சியிருந்த ஒரே தம்பி. மற்ற இருவரும் அங்கே போய்த் திரும்பவில்லை.

முந்தின நாள் மாலை மேஸ்திரி தண்ணீர்க் குழாயை எடுத்தார். "வண்டி மாப்பிள்ளை மாதிரி நிக்கணும்டா."

"இந்தக் குளிர்ல தண்ணி வேணாம் மேஸ்திரி," என்றான் ஆல்வின்.

"உன் மூஞ்சியையும் சேர்த்துக் கழுவட்டுமா?"

நிலக்கரி கிடைக்காமல் கொட்டகை அடுப்பு அணைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காலையில் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. சக்கரங்களின் இடுக்கில் தண்ணீர் உறைந்து கல்லாகியிருந்தது. மேஸ்திரி முகத்தில் ஈயாடவில்லை.

"இதையா ரஷ்யாவுக்கு அனுப்பப் போறீங்க?" என்றார் கர்னல்.

அப்போதுதான் ஆல்வின் இரும்புச் சுமையோடு எங்கள் பழைய லாரியில் வந்தான். பனியில் சாமான் இழுப்பதற்காக, கழித்துப்போட்ட டாங்கிப் பட்டையை நானும் அவனும் அதன் பின்பக்கம் கட்டியிருந்தோம். சக்கரங்கள் தள்ளித் தள்ளி இருக்கும். மேஸ்திரிக்கு அதைப் பார்க்கவே வெட்கம், யாரும் கழுவியதில்லை.

அவன் எங்களைப் பார்த்தான், நிலைமை புரிந்துவிட்டது. நேராக மேட்டில் ஏற்றி, திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

கர்னல் பூட்ஸால் சக்கரத்தை உதைத்தார். சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. "இதுக்குப் பிளான் வரைஞ்சது யாரு?"

"வரையலைங்க. குப்பையில கிடந்ததை ஒட்டினோம்," என்றேன்.

"இதே மாதிரி பத்து வண்டி பண்ணுங்க. ஒருத்தரும் இங்கேருந்து நகர வேண்டாம்."

அவர் போனதும் மேஸ்திரி துணியோடு லாரியிடம் போனார். சேற்றைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இதை எவனாவது கழுவினா கையை ஒடிச்சிடுவேன்."

ஆல்வின் விழுந்து விழுந்து சிரித்தான். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பத்து வண்டியும் ரஷ்யாவுக்குத்தான் போகும், யாரோ வீட்டுப் பிள்ளைகள்தான் ஓட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆல்வின் போகமாட்டான். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.