நாலு சுவர் பறவைகள்

பறவைகளைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். ஒன்றிரண்டு இல்லை, அக்காவின் அறையில் நாலு சுவரிலும் இருந்த அத்தனையையும்.

ஒட்டி முடிக்கும்வரை எனக்கே தெரியவில்லை. காரணம் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். பசை தடவிய வால்பேப்பர் பட்டையோடு ஏணியில் நிற்பவனுக்குக் கண்முன்னால் இருப்பது ஒரு முழ அகலம்தான். அதற்குள் குமிழி விழுந்திருக்கிறதா, பட்டையும் பட்டையும் சேருகிற இடம் வாயைப் பிளக்கிறதா என்று பார்க்கவே நேரம் போதாது. பறவையின் கால் எந்தப் பக்கம் என்று யார் கண்டார்கள்? கடைசிப் பட்டையையும் தேய்த்துவிட்டு, இடுப்பு விட்டுப்போன நிலையில் தரையில் மல்லாந்தேன். தலை சுவரோரம். கண்ணை மேலே தூக்கிப் பார்த்தால் கொடிகளுக்கு நடுவில் நீலப் பறவைகள் அழகாகப் பறந்துகொண்டிருந்தன. பரவாயில்லையே, நமக்கும் ஒரு கைத்தொழில் வந்துவிட்டது என்று நினைத்தபடி எழுந்து நின்றேன். நான் நிமிர்ந்தேன், பறவைகள் கவிழ்ந்தன.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வடிவியல் எனக்குப் பிரியமான பாடம். முக்கோணத்தைத் தலைகீழாகப் போட்ட எத்தனையோ பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்திருக்கிறேன். அன்று நானே வெளியே போய் நின்றேன்.

வீடு அப்பா கட்டியது. வாசலில் தொடங்கிச் சமையலறை வரைக்கும் ரயில்பெட்டி மாதிரி நீளமான நடை, அதன் ஒரு பக்கமாக அறைகள். இப்போது அதில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். மாமா இறந்த பிறகு அக்கா தன் தையல் மிஷினோடு இங்கே வந்துவிட்டாள். நான் எங்கேயும் போகாதவன். கல்யாணப் பரீட்சையில் எனக்கு ‘வரவில்லை’ என்று குறித்து, தாளை மூடிவிட்டார்கள்.

சுவருக்குக் காகிதம் ஒட்ட வேண்டும் என்றது அக்காதான்.

“சுண்ணாம்பு உதிருதுடா. கை வெச்சா மாவாட்டம் ஒட்டிக்குது.”

“பெயிண்ட் அடிச்சா போதாதா?”

“பெயிண்ட் எல்லா சுவர்லயும் ஒரே மாதிரி இருக்கும்.”

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அக்கா சொன்னால் சொன்னதுதான். கடைக்குப் போனோம். கடைக்காரர் கனமான மாதிரிப் புத்தகத்தை விரித்து, பூ, மரம், கடற்கரை என்று புரட்டிக் காட்டினார். அக்கா எதையும் நின்று பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் தடவினாள்.

“இது வால்பேப்பர் கடை அக்கா, துணிக்கடை இல்ல” என்றேன்.

“முப்பது வருஷமா துணியத் தடவுன கை. வேற எப்படிப் பாக்கும்?”

கடைக்காரரும் சிரித்தார், நானும் சிரித்தேன். கடைசியில் மூன்று எடுத்தாள். நடைக்குக் கோடு கோடாகப் புடைத்தது. சமையலறைப் பக்கத்துக்குக் கம்பு தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக மேடிட்டது. அவள் அறைக்குச் சாக்குத்துணி மாதிரிச் சொரசொரப்பானது. மூன்றும் ஒரே நிறம், சோறு வடித்த கஞ்சிக்கு உடம்பு சரியில்லாமல் போனால் வரும் நிறம்.

“இது அறையா, அரிசி மூட்டையா?”

“தூங்கப்போறது நான். உனக்கென்னடா?”

நடையையும் சமையலறைப் பக்கத்தையும் அவள் சொன்னபடியே ஒட்டினேன். அவள் அறை வந்தபோதுதான் எனக்குள் இருந்த ரசிகன் விழித்துக்கொண்டான். ஊரார் பிள்ளைகளின் சட்டையிலெல்லாம் பூவும் பறவையும் தைத்துப் போட்டவள். ஆறு மாதமாக மிஷின்மேல் துணி மூடிக் கிடக்கிறது. ‘கை வலிக்குது’ என்று ஆர்டர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள். சின்னக் கிழிசல் தைக்கவும் ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவாள். ‘உனக்கும் கொஞ்சம் பொறுமை வரட்டும்’ என்பாள். சிரிப்பும் குறைந்துவிட்டது. இந்த லட்சணத்தில் படுத்தால் சாக்கு, எழுந்தால் சாக்கு என்றிருந்தால் மனுஷி என்ன ஆவாள்? பசை நாற்றம் ஒத்துக்கொள்ளாது என்று அவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினேன். நானாகக் கடைக்குப் போய், நீலப் பறவைகள் போட்ட வழவழப்பான காகிதத்தை வாங்கிவந்தேன். சாக்கு ரோல்களை என் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மறுநாள் சித்தி அவளை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். நான் தயாராக இருந்தேன். அக்கா என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை நான் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டுப் பள்ளிக்குப் போய்வந்ததைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தவள். நான் செய்த மேசை ஆடியபோது, ‘கணக்கு வாத்தி வீட்டு மேசைக்கு மூணே முக்கால் கால்’ என்று பெயர் வைத்தவள். இன்று அவளுக்கு விருந்து. நானும் இரண்டு மூன்று பதிலை யோசித்து வைத்திருந்தேன்.

அறை வாசலில் நின்றாள். உள்ளே கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். ஒருமுறை தடவினாள். இன்னொருமுறை தடவினாள்.

“இது வேற பேப்பரா?”

“ஆமா. பறவை. உனக்காக மாத்தி வாங்கினேன்.”

விரல் நுனிகளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள்.

“என்ன கலர்?” என்று கேட்டவள் உடனே, “கலர் நல்லா இருக்கு” என்றாள்.

“நீலம்தான். அறை பிடிச்சிருக்கா?”

“நல்லா இருக்குடா.”

நான் காத்திருந்தேன். வரவில்லை. கிண்டலின் வால்கூட வரவில்லை.

“அவ்வளவுதானா?”

“வேற என்ன? நல்லாப் பறக்குதுங்க. கஷ்டப்பட்டிருக்கே. போய்க் குளி, உன்மேல பசை நாறுது.”

ஒரு மனுஷனுக்கு அவமானம் வரவேண்டிய நேரத்தில் வராமல் போனால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சரி, வயதாகிவிட்டது, மனசு இளகிவிட்டது, தம்பி கஷ்டப்பட்டானே என்று விட்டுக்கொடுக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவாவது விட்டுக்கொடுப்பதாவது.

மறுநாள் காலையில் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். டீயை வைத்துவிட்டுப் போனாள். செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தேன்.

“என்னடா செய்தி?”

“விலைவாசி ஏறிடுச்சாம்.”

“அது செய்தியா? இறங்கினா சொல்லு.”

“அக்கா, உன் அறையில பறவையெல்லாம் எந்தப் பக்கம் பறக்குது?”

“ஜன்னல் பக்கம். இந்த வீட்டுல உன்னைத் தவிர வேற எது தங்கும்?”

எதைக் கேட்டாலும் இப்படித்தான். நேராகப் போட்ட பந்து வளைந்தே திரும்பி வந்தது. சட்டையை நேராக்கிக்கொள்ளாமலே பள்ளிக்குப் போய்விட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கிற கண்களைப் பார்க்க எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

அந்த வாரக் கடைசியில் பரீட்சை சீக்கிரம் முடிந்து மத்தியானமே வீடு திரும்பினேன். வாசல் கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, நடையின் மறுகோடியில் அக்கா வந்துகொண்டிருந்தாள். வலது கையில் டீ டம்ளர். இடது கை சுவரில். இடுப்பு உயரத்தில் விரல்கள் புள்ளிகள்மேல் ஊர்ந்து வந்தன. புள்ளி முடிந்து கோடு தொடங்கிய இடத்தில் அவள் நடை சற்று வேகமானது. தைத்து முடித்த ஓரத்தைச் சரிபார்க்க விரலை ஓட்டுவாளே, அதே மாதிரி கோடுகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு என்னைப் பார்த்தே வந்தாள். பட்டப்பகல். கைக்கெட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம்தான் நான் நின்றேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

தெருவாசலை அடுத்திருந்த தன் அறைப் பக்கம் திரும்பினாள். கை உள்சுவரைத் தேடியது. வழவழப்பு. நின்றாள். கை மேலே போனது, கீழே வந்தது, வெளியே வந்து கோடுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போனது. கதவும் வழவழப்பு, அலமாரியும் வழவழப்பு, சுவரும் வழவழப்பு. அவள் கை எதை எதிர்பார்த்துப் போனதோ, அது என் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது. ஒரு அடி எடுத்துவைத்தாள். கட்டில் காலில் முழங்கால் இடித்தது. டீ கொட்டியது.

“சீ” என்றாள். யாரையும் சொல்லவில்லை.

கடையில் அவள் கண்ணை மூடித் தடவியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் தன் வீட்டுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். கோடு என்றால் நடை, புள்ளி என்றால் சமையலறை, சாக்கு என்றால் தன் அறை. மூன்றாவது விலாசத்தை நான் அழித்து, அதன்மேல் பறவை விட்டிருக்கிறேன். அதையும் தலைகீழாக.

துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

“எப்ப வந்தே?”

“இப்பத்தான்.”

“பொய். செருப்புச் சத்தம் அப்பவே கேட்டுது. பூனைன்னு நெனச்சேன்.”

“பூனை எப்போ செருப்பு போட்டுச்சு?”

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் இந்த வாய் எதற்கு என்று இருந்தது. தரையில் உட்கார்ந்து டீயைத் துடைத்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

“இந்தப் பறவையில ஏதோ தப்பு பண்ணியிருக்கே, இல்ல?” என்றாள். “அன்னிக்கு நீ கேட்ட தினுசுலயே தெரிஞ்சுது. திருடன் முழிக்கிற மாதிரி உன் குரல் முழிச்சுது.”

“தலைகீழா ஒட்டிட்டேன்.”

“எதை?”

“எல்லாத்தையும்.”

“நாலு சுவருமா?”

“நாலு சுவரும்.”

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மூக்கால், அப்புறம் தோள் குலுங்க. “கணக்கு வாத்தி” என்றாள். மேலே சொல்ல முடியவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. நானும் துணியைக் கீழே போட்டுவிட்டு அவளோடு சேர்ந்து சிரித்தேன். எப்போது நின்றது என்று தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இதைப் பாக்க முடியாமப் போச்சே” என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“எவ்வளவு தெரியுது அக்கா?”

“கண்ணாடி மாத்தினா சரியாப்போகும்.”

“நான் விளையாட்டுக்குக் கேக்கலை.”

“நீ எப்பதான்டா விளையாட்டுக்குக் கேக்காம இருந்திருக்கே?”

பதில் இருந்தது என்னிடம். எப்போதும் இருக்கும். அதை விழுங்கிவிட்டு, அவள் காலடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

“டாக்டர்கிட்ட போனியா?” என்றேன்.

“சித்தியோட போனேன். ரெண்டு எடத்துல.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா நீ என்னைச் சிரிக்கவைக்கப் பாப்பே. நானும் உனக்காகச் சிரிக்கணும். அதுக்குத் தெம்பு இல்லடா.”

அவள் முகம் என் பக்கம்தான் இருந்தது, ஆனால் என் தலைக்குச் சற்று மேலே. நான் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றேன். அவள் முகமும் மெல்லத் திரும்பியது.

“இந்தப் பறவையைக் கிழிச்சுட்டு வேற வாங்கி நேரா ஒட்டித் தரேன்” என்றேன். “இந்தத் தடவை ரசமட்டம் வெச்சுப் பாத்து ஒட்டறேன். இல்ல, இதுவே இருக்கட்டுமா? நெஜமாச் சொல்லு அக்கா, உனக்கு இந்த அறை பிடிச்சிருக்கா?”

“பிடிக்கலை” என்றாள். “கிழிச்சிடு. எனக்கு நீ நிக்கிறது தெரியலை, ஜன்னல்ல பாதி மறையறதுதான் தெரியுது. அதுவும் கொஞ்ச நாள்தானாம், போன பார்வை திரும்பாதுன்னுட்டாங்க. அந்தச் சாக்கைக் கொண்டுவந்து ஒட்டு. மீதி வெளிச்சம் இருக்கறப்பவே கை பழகிக்கணும்.”