சக்கரம் நிற்கும்வரை

ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுகிறவன் சைக்கிள் வைத்திருந்தால், வேலை வாங்கும் கங்காணிகளின் கண்ணை உறுத்தும். ரப்பர் நல்ல விலைக்குப் போனபோது என் வீட்டுக்காரர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, தெமியாங்கில் ஒரு சீனர் கடையில் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார். வாங்கிய வாரமே முதுகில் பிரம்படியும் வாங்கினார். துரையைக் கண்டால் கூலிக்காரன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். தோட்டத்துச் சட்டம் அது. வளைவில் துரை வந்ததை இவர் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு, தூரத்தில் வெள்ளைத் தொப்பி தெரிந்தாலே குதித்துவிடுவார்.

"கொல்லைப் பொம்மைக்குத் தொப்பி மாட்டினாலும் எறங்குவீங்க போல" என்று கேலி செய்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

ரப்பர் விலை விழுந்த வருஷம், மழையில் மலைச்சரிவில் பால்வாளியோடு சறுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கட்டை அவிழ்த்தபோது எலும்பு ஒட்டியிருந்தது. முழங்கால்தான் கட்டையாக விறைத்திருந்தது. மரத்தின் அடியில் வெட்டக் குந்தி உட்கார வேண்டும். குந்த முடியாதவனுக்கு என்ன வேலை? அப்படிப்பட்டவர்களையெல்லாம் கப்பலேற்றி, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊரில் எங்களுக்கு ஒண்ட ஒரு குடிசை கிடையாது. எங்கள் ஒரே பிள்ளையைப் புதைத்ததும் இந்தத் தோட்டத்து மண்ணில்தான். அதை விட்டுவிட்டு எங்கே போவது?

"மாசக் கடைசியில தொர வந்து காலப் பாப்பாரு. மடங்கலேன்னா ரெண்டு பேருக்கும் கப்பல்தான்" என்றார் சன்னாசிக் கங்காணி, கல்யாணச் சேதி சொல்வதுபோல.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து போடும் டிரசர் அமலதாஸ் மட்டும் எங்களைக் கைவிடவில்லை. இவருடைய சைக்கிளையே கொண்டுவரச் சொன்னார். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பின்சக்கரம் தரையில் படாதபடி மரச்சட்டத்தில் தூக்கி நிறுத்தினார். கனத்துக்காகச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை அடித்தார். செயின் ஓடும் பின்பல்லும் தனியாகச் சுழலாதபடி சக்கரத்தோடு சேர்த்து இறுக்கினார். மிதித்தால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் விடாது. பெடலைத் தானே இழுத்துச் சுற்றும். ஆஸ்பத்திரியில் சிரிக்காத ஆளில்லை. எனக்கே சிரிப்பு வந்தது.

"வீரமுத்து, சீட்ட ஒசரமா வச்சிருக்கேன், எறக்காத" என்றார் டிரசர். "பெடலு கீழ போறப்ப முழங்கால் லேசா மடங்குனாப் போதும். வேட்டிய இழுத்துக் கட்டிக்க. மெதுவா ஆரம்பி. வலிச்சா மிதிக்கிறதக் கொறச்சுக்க. ஆனா என்ன ஆனாலும் சக்கரம் நிக்காம எறங்காத லா. அந்த வேகத்துல பெடலு வந்து அடிச்சா ஒட்டுன எலும்பு தாங்காது."

இவர் ஒரு சொல் தட்டவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மிதித்தார். இறங்கும்போது சக்கரம் அசையாமல் நிற்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பார். ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு முழுசாகக் குந்தினார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

துரை வருகிற நாளும் வந்தது. நான் வெட்டிய பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கஞ்சித் தூக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இவர் நல்ல வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தொர வந்தாலும் நீ பாட்டுக்கு மிதி. காலு மடங்குறத அவரே பாக்கட்டும்" என்றார் டிரசர்.

இவர் தலையாட்டினார். அப்போது வாசலில் வெள்ளைத் தொப்பி தெரிந்தது.

இவர் குதித்துவிட்டார். டிரசர் பாய்ந்து பிடிப்பதற்குள், பெடல் சுழன்று வந்து எலும்பு ஒட்டிய இடத்திலேயே அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தரையில் கிடந்தபடியே இவர் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"சலாம் தொரே."

"ஏன் எறங்கினான்?" என்று துரை கேட்டார்.

டிரசர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "தொர வந்தீங்க. அதான் தொரே."

துரை கொஞ்ச நேரம் அந்தக் காலைப் பார்த்தார். சன்னாசியிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார். எங்களுக்குக் கப்பல் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

எனக்குத் துரைமேல் வந்த கோபத்தைவிட இவர்மேல் வந்த கோபம்தான் பெரிது.

"நகராத வண்டியில இருந்து எறங்கச் சொல்லி யாருய்யா ஒங்கள அடிச்சா?" என்றேன்.

"தொப்பி தெரிஞ்சிச்சு தாயம்மா. காலு தானா எறங்கிருச்சு."



கட்டுப் போட்ட காலோடு அவரை லோரியில் ஏற்றினார்கள். பிள்ளையைப் புதைத்த மேட்டைத் தாண்டும்போது நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே துரையின் கார் வந்தது. லோரி ஓரமாக ஒதுங்கி நின்றது. இவர் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

தோளைப் பிடித்து அழுத்தினேன். "படுங்க. இனிமே அவரு நமக்குத் தொர இல்ல."

என் கையை விலக்கிவிட்டார். கார் தாண்டிப் போகும்வரை, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றார்.