நாலு மணி வேட்டு

மழைதான் கொன்றது என்று எழுதினார்கள். தாலுகா ஆபீஸிலிருந்து வந்தவர் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார். அடக்க ஆராதனையில் போதகர் அதையே வேதவசனத்தோடு சொன்னார். நான் அன்றைக்கே ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆமைக்குன்றின் மேல் எத்தனையோ ஐப்பசி கார்த்திகை பெய்திருக்கிறது. அதன் அடியை யாரும் வெட்டாதவரை அது யார் தலையிலும் இறங்கியதில்லை.

குன்று பம்மலிலிருந்து பல்லாவரம் போகிற வழியில் இருந்தது. அடிவாரத்தில் ஒரே வரிசையாக ஓட்டு வீடுகள். தோல் பதனிடும் ஷாப்பு குமாஸ்தாக்கள், மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்கள், ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் குடியிருந்தோம். வரிசையின் மேற்குக் கோடியில் கல் குவாரி. இட்லியை விளிம்பிலிருந்து பிய்த்துத் தின்பதுபோல் அது குன்றின் அடியைப் பிய்த்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தது. தினமும் மாலை நாலு மணிக்கு வேட்டு. சிவப்புக் கொடி ஏறும், விசில் ஊதுவார்கள், "வேட்டு, வேட்டு" என்று கூவுவார்கள். அலமாரியில் பாத்திரங்கள் சிலிர்க்கும். பிறகு காப்பி போடுவோம்.

அறுபத்தாறாம் வருஷம் எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, குன்றின் நெற்றியில், ஒரு பிளவு தெரிந்தது. என் கணவர் தயாளன் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து குவாரி காண்டிராக்டர் சுவிசேஷமுத்துவிடம் சொன்னார். அவர் எங்கள் சபையின் மூப்பர், முதல் பெஞ்சில் உட்காருகிறவர். மறுநாளே ஆட்களை அனுப்பி, பிளவில் கல்தூளும் மண்ணும் கொட்டி மூடச் சொன்னார். பிளவு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. தெரியாதது இல்லாததாகவும் ஆயிற்று.

மழைத் தண்ணீர் மேலோடு வழிந்து ஓடினால் பயமில்லை. பிளவுக்குள் இறங்கினால், போக்கிடம் இல்லாமல் உள்ளே தேங்கி, முன்னால் இருக்கும் மண்ணை வெளியே தள்ளும். அந்த மண்ணுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு அடியில் பாறை இருந்தது. அதை லாரியில் ஏற்றி விற்றாகிவிட்டது.

கார்த்திகை மாதக் காலை. குழாயடியில் கூட்டமாக இருந்ததால், மகள் ஜெயசீலிக்குப் பின்னல் போடும் வேலையைத் தயாளனிடம் விட்டுவிட்டு நான் குடத்தோடு நின்றிருந்தேன். சத்தம் பிறகுதான் வந்தது. முதலில் மேலே இருந்த வேப்பமரம் சாயாமல், நின்றபடியே கீழே நடந்து வந்தது. மரம் எதற்காக நடக்கிறது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் எங்கள் வீடும் பக்கத்து இரண்டு வீடுகளும் இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது. ஜெயசீலிக்கு ஒன்பது வயது.

அதற்குமேல் அந்தக் காலையைப் பற்றி எழுதமாட்டேன்.

வரிசையில் மிச்சமிருந்த வீடுகளில் ரத்தினபாய் வீடும் ஒன்று. அவள் என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், பருத்த உடம்பு, பெரிய குரல். மண்ணிலிருந்து தோண்டியெடுத்த என் பெட்டியை என்னைக் கேட்காமலே தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். குவாரி இரண்டு மாதம் மூடியிருந்து, பொங்கலுக்குப் பிறகு திறந்தது. வேட்டு மறுபடியும் நாலு மணிக்கு, இப்போது இன்னும் கிட்டத்தில்.

மறுவருஷம் ஆவணியில் ஒரு நாள் ரத்தினபாய் வீட்டுப் பின்கதவு சாத்த முடியாமல் நிலையில் சிக்கியது. அவள் தச்சனைக் கூப்பிடப் போனாள். நான் குன்றின் மேல் ஏறினேன். நெற்றியில் புதுப் பிளவு. என் கை மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று.

இந்தத் தடவை மண் கொட்ட விடுவதில்லை, மழைக்கு முன் அடியில் வெடிக்கவும் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். மனு எழுதினேன், பதில் இல்லை. சுவிசேஷமுத்துவைப் பார்த்தேன். லைசென்ஸ் இருக்கிறது, ஊரெல்லாம் கட்டடம் எழும்புகிறது, கல் வேண்டாமா என்றார். துக்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லா இடத்திலும் பிளவு தெரியும் என்றும் சொன்னார், மிக அன்பாக.

வேட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மேலே ஆள் நின்றால் திரியில் நெருப்பு வைக்கக்கூடாது. ஆடு நின்றால்கூட விரட்டிவிட்டுத்தான் வைப்பார்கள். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை தோறும் வீடு மாற்றி வீடு பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். அந்த வெள்ளிக்கிழமை யார் வீடு என்று கேட்டபோது, குன்றின் மேல் என்றேன். மணி நாலு என்றேன்.

ரத்தினபாய் சிரித்தாள். பிறகு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். எட்டுப் பத்துப் பேர் ஏறினோம். பக்கத்து வீட்டுத் திரிபுரசுந்தரி, ரயில்வேக்காரர் மனைவி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தாள். அவளுக்கு ஜெபக்கூட்டத்தில் என்ன வேலை என்று யாரோ கேட்டதற்கு, மண்ணு விழும்போது மதம் பார்த்துக்கிட்டா விழும் என்று கேட்டுவிட்டுப் பாயில் இடம் பிடித்தாள்.

கீழே கொடி ஏறியது. விசில் ஊதியது. நாங்கள் பாடினோம். கொஞ்ச நேரத்தில் வேட்டு மேஸ்திரி கிட்டு மூச்சிரைக்க மேலே வந்தான்.

"இன்னா டீச்சர் இது, பேஜாரு பண்றீங்க? குழியில மருந்து போட்டு வெச்சிக்கீது. எறங்குங்க."

"மருந்து இருக்கட்டும் கிட்டு. நாங்களும் இருக்கோம்."

"எம்மா நேரம்?"

"இன்னும் வேதபாடமே ஆரம்பிக்கலப்பா," என்றாள் ரத்தினபாய்.

இருட்டும்வரை உட்கார்ந்தோம். இருட்டில் வெடிக்கக்கூடாது என்பதும் சட்டம். மறுநாள் சனிக்கிழமையும் ஏறினோம். திங்களும் ஏறினோம். கூடையில் மண் சுமந்து பிளவை மூட வந்த ஆட்கள் எங்களைச் சுற்றி நின்று பார்த்துவிட்டுக் கூடையைக் கவிழ்க்காமலே திரும்பினார்கள். திரிபுரசுந்தரி சுண்டல் கொண்டுவர ஆரம்பித்தாள். பல்லாவரம் வெள்ளிச் சந்தையையும் அந்த மாதம் விட்டுவிட்டோம், வீட்டு ஆண்கள் போய் முற்றின வெண்டைக்காயாக வாங்கிவந்தார்கள்.

போதகர் ஏறிவந்தார். ஜெபத்தை ஆயுதமாக்கக் கூடாது என்றார். பள்ளிக்கூட நிர்வாகத்தில் மூப்பருக்குச் செல்வாக்கு உண்டு, என்னைத் தூரத்து ஊருக்கு மாற்றிவிடப் பேச்சு நடக்கிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்காக வருத்தப்படுகிறவர் முகம்தான் அது. நான் அவரிடம் ஒன்றுதான் சொன்னேன், மாற்றினால் அங்கிருந்து ரயிலேறி நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்று. அவர் உட்காரவில்லை. எங்களை இறங்கச் சொல்லவும் இல்லை.

கடைசியில் சுவிசேஷமுத்து தானே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. பின்னால் கிட்டுவும் நாலைந்து கல்லுடைக்கிறவர்களும். அன்று காற்றில் மழை வாசனை இருந்தது. அவர் பிளவுக்கு வெளிப்பக்கம், பள்ளத்தைப் பார்த்த பக்கம், நின்றுகொண்டு பேசினார். இந்தப் பிளவு வெயிலில் மண் காய்ந்து வெடித்தது, எல்லாக் கரம்பு நிலத்திலும் இருப்பது, ஒரு கூடை மண்ணுக்குப் பெறாது என்றார். என் புருஷனையும் பிள்ளையையும் கர்த்தர் எடுத்துக்கொண்டார், அதற்கு மனுஷனைக் குற்றம் சொல்வது அவிசுவாசம் என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. நெடுநாளாக இருந்த கோபம் அந்த நேரத்தில் வெகு தெளிவாக இருந்தது, அவ்வளவுதான்.

"ஐயா, சரி. வெறும் வெடிப்புதான். இப்பவே கீழ வேட்டு வைக்கச் சொல்லுங்க. நாங்க பாயைச் சுருட்டிக்கிட்டு உள்பக்கம் ஓரமாப் போயிடறோம். நீங்க மட்டும் இப்ப நிக்கிற இடத்திலேயே நில்லுங்க."

அவர் தன் காலடியைப் பார்த்தார். பிளவைப் பார்த்தார். பேச வாயெடுத்தார். பிறகு வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே எட்டில் தாண்டி உள்பக்கம் வந்து நின்றார்.

பாட்டுப் புத்தகத்தின் தாள் காற்றில் படபடத்தது.

"நல்லாத் தாண்டினீங்க அண்ணாச்சி," என்றாள் ரத்தினபாய்.

கிட்டு தலையிலிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "எங்காளுங்க அந்தாண்டதானே சார் கீழ நிக்கிறாங்க," என்றான். "எங்க வூட்லயும் புள்ளக்குட்டி கீது." பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனான். மேலிருந்து பார்த்தோம். அவனும் ஆட்களும் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து குழிகளில் ஊற்றி மருந்தைக் கெடுத்தார்கள். கொடியைக் கழற்றிக் கொட்டகைக்குள் போட்டார்கள். சுவிசேஷமுத்து குடையை விரிக்காமல் வேறு வழியாக இறங்கினார்.

குவாரி அதோடு மூடிவிடவில்லை. மூப்பர் வேறு மேஸ்திரியைத் தேடினார், ஒருவரும் அந்த முகப்பில் திரி வைக்க வரவில்லை. எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வாங்கிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுத் தாம்பரத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் சேர்ந்தேன். நாலு மணிக்குக் குன்றின் மேல் இருப்பதற்கு அந்த வேலை நேரம் வசதியாகவும் இருந்தது. கொடி ஏறாவிட்டாலும் ஏறினோம். எங்களுக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை.

வெட்டின அடியை யாராலும் திரும்ப வைக்க முடியாது. ஐப்பசியில் அடைமழை பிடித்தபோது பிளவு அகலமாயிற்று. ரத்தினபாய் வீட்டுப் பின்சுவரடியில் கலங்கல் தண்ணீர் ஊறியது. ஆனால் உலுக்கிவிட வேட்டு இல்லை. குன்று அந்த வருஷம் பாயவில்லை. ஒரு பகல் முழுக்க, கிழவி படியிறங்குவதுபோல் இறங்கியது. எங்களுக்கு நேரம் இருந்தது. வீடுவீடாகக் கதவைத் தட்டினோம். பிள்ளைகளை முதலில் அனுப்பினோம், பிறகு மாடுகளை, பிறகு தையல் மெஷினை, நெல் மூட்டையை. திரிபுரசுந்தரி சாமி படங்களை மடியில் கட்டிக்கொண்டாள். ரத்தினபாய் தன் ஆட்டுக்கல்லை விடமாட்டேன் என்று மழையில் ரோடு வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்தாள். சாயங்காலம் ஐந்து வீடுகள் மண்ணுக்குள் போயின. ஒரு கோழிகூடச் சாகவில்லை.

தெருவில் சாமான்களோடு நனைந்துகொண்டு நின்றபோது போதகர் ஓடிவந்தார். எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கர்த்தர் காத்தார் டீச்சர், ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கலாம் என்றார்.

"வைக்கலாம் ஐயா," என்றேன். "திருநீர்மலைப் பக்கம் போற வழியில புதுசா ஒரு குன்றுல கொடி ஏத்தியிருக்காங்களாம். அதுக்குக் கீழயும் வீடு இருக்கு. அங்க மேல ஏறி வைக்கலாம். நாலு மணிக்கு வாங்க. இந்தத் தடவை நீங்களும் உட்காரணும்."